டிபன் ஹோட்டலில் ஆள் நிற்க வேண்டுமானால்

'ஆள் கிடைப்பதில்லை' என்று சொல்லாத ஹோட்டல் முதலாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. கோவையில் சைவ டிபன் ஹோட்டல்களில் கணக்கெழுதத் தொடங்கி, பிறகு மேனேஜராகி, இப்போது ஆள் பிரச்சினை முற்றிய கடைகளுக்குப் போய் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். ஆட்கள் கிடைக்கத்தான் செய்கிறார்கள். நிற்பதில்லை, அவ்வளவுதான். ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்கவில்லை அம்மா' என்பார் முதலாளி. நான் பதில் பேசாமல் வருகைப் பதிவேட்டைக் கேட்பேன்.

புதிதாக மேனேஜர் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபது எண்பது இருக்கை, இருபது இருபத்தைந்து ஆட்கள், காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10:30-க்கு அடைக்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திர ஹோட்டல்களின் கணக்கு வேறு. அங்கே அதைப் பார்க்கத் தனி இலாகாவே இருக்கிறது.

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கடந்த ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெயர், என்ன வேலை, சேர்ந்த தேதி, போன தேதி. இவ்வளவு போதும். எழுதி முடித்ததும் தாளே பேசும்.

சம்பளம் வாங்கிய மறுநாள் போனவர்கள் அதிகமென்றால் கோளாறு சம்பளக் கணக்கில். சேர்ந்த பத்து நாளுக்குள் போனவர்கள் அதிகமென்றால் தங்கும் அறையிலோ, பாத்திரம் தேய்க்கும் இடத்திலோ ஏதோ சரியில்லை. சப்ளையர்கள் (பரிமாறுபவர்கள்) மூன்று நான்கு பேர் ஒன்றாகப் போயிருந்தால் யாரோ ஒருவருடைய வாய் காரணம். அந்த வாய் பெரும்பாலும் கல்லாவில் இருக்கும். சரக்கு மாஸ்டர் (சமையலறையின் முக்கியச் சமையற்காரர்) தன் இரண்டு உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போயிருந்தால், அதற்கு வைத்தியம் கிடையாது. அவர்கள் சேர்மானமாக வருவார்கள், சேர்மானமாகப் போவார்கள்.

சில கடைகளில் இரண்டு பதிவேடு இருக்கும். தொழிலாளர் துறை ஆய்வாளருக்குக் காட்டுவதில் ஒன்பது பெயர்தான் இருக்கும். பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு), இருபது பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டும் என்பதுதான் இந்த ஒன்பதின் ரகசியம். அப்படிப்பட்ட கடையில் மேனேஜர் பொறுப்பேற்குமுன் நன்றாக யோசியுங்கள். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

பிரேக் டியூட்டியை உடைப்பது

எல்லாவற்றுக்கும் மூலம் இந்த நேரக் கணக்குதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிபன் ஹோட்டலுக்குக் காலையும் மாலையும் கூட்டம். நடுவில் தோசைக்கல் சும்மா இருக்கும். அதனால் அந்தக் காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. தோசை மாஸ்டர் காலை 5:30 முதல் 11 வரை நிற்பார், பிறகு 'பிரேக்', மறுபடி மாலை 4 முதல் இரவு 10:30 வரை. கேட்பதற்கு நடுவில் ஐந்து மணி நேர ஓய்வு கிடைப்பதுபோல் இருக்கும். கூட்டிப் பாருங்கள். வேலை நேரம் மட்டும் 12 மணி. வாரத்தில் ஆறு நாளென்றால் 72 மணி. சட்டம் சொல்வது 48. அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. இரவு அறைக்குப் போய்க் குளித்துப் படுக்க 11:30 ஆகும், காலையில் 4:45-க்கு எழ வேண்டும். நடுப்பகலில் தகரக் கூரைக்குக் கீழே, வெக்கையில், யாருக்கு உறக்கம் வரும்? அந்த ஐந்து மணி நேரம் செல்பேசியிலும் பக்கத்து டாஸ்மாக்கிலும்தான் போகும். மாஸ்டர் குடிக்கிறார் என்று பிறகு நாமே புலம்புவோம்.

இதை மாற்றும் முறையை ஒரு கடையில் செய்தபடியே சொல்கிறேன். அங்கே தோசைக்கல்லுக்கு இரண்டு மாஸ்டர்கள். இருவருக்கும் பிரேக் டியூட்டி. கல்லில் ஆள் தேவைப்படும் நேரத்தை மட்டும் முதலில் குறித்தேன்: காலை 6 முதல் 11, மாலை 4 முதல் 10:30. இரண்டு பேரும் சேர்ந்து நின்றே ஆக வேண்டிய நெருக்கடி நேரம் காலை 7:30 முதல் 9:30, மாலை 7 முதல் 9:30. அவ்வளவுதான்.

முதல் மாஸ்டருக்குக் காலை 5:30 முதல் மதியம் 2 வரை ஒரே நீட்டாக வேலை, நடுவில் அரை மணி சாப்பாடு. 11 மணி வரை கல். பிறகு மறுநாள் மாவுக்கு அரிசி, உளுந்து ஊற வைப்பது, உருளைக்கிழங்கு மசாலை முடிப்பது. இரண்டாமவர் மதியம் 2 மணிக்கு வந்து, ஊறியதைக் கிரைண்டரில் போட்டு அரைத்து எடுத்துவிட்டு, 4 மணிக்குக் கல்லுக்கு வருவார், 10:30-க்கு முடிப்பார். ஆளுக்கு எட்டு மணி நேர வேலை. வாரத்துக்குச் சரியாக 48. காலை நெருக்கடியில் இரண்டாவது கல்லுக்குப் பூரி மாஸ்டரைப் பழக்கினோம். மாலை நெருக்கடியைச் சமாளிக்க, மதியம் 1 முதல் இரவு 9:30 வரை ஓர் இளைஞரைப் புதிதாக எடுத்தோம். அதுவரை மாவு அரைக்கத் தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்தவரை நிறுத்தினோம்.

முதலாளி பதறினார். ஒரு சம்பளம் கூடுகிறதே என்றார். மாதா மாதம் மாஸ்டர் ஓடிப்போவதும், மாற்று ஆளுக்கு ஒன்றரைப் பங்கு கூலி கொடுப்பதும், அந்த ஆள் கைக்கு மாவு பிடிபடாமல் முறுகலும் வேகாததுமாகத் தோசை திரும்பி வருவதும் அவர் கணக்கில் வரவே இல்லை. எழுதிக் காட்டினேன். கூடுதல் சம்பளம் அதற்குள் அடங்கிவிட்டது.

எல்லாக் கடைக்கும் இதே அட்டவணை பொருந்தாது. சின்னக் கடையில் மூன்றாவது ஆளுக்கு வழியிருக்காது. அங்கே குறைந்தபட்சம், வாரத்தில் மூன்று நாளாவது ஒருவருக்கு நேர் ஷிஃப்ட் கிடைக்கும்படி மாற்றி மாற்றிப் போடுங்கள். அட்டவணையை ஞாயிறு மாலையே எழுதிக் கிச்சன் வாசலில் ஒட்டுங்கள். நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை இரவு கடை அடைக்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் ஒரு மனிதன் எத்தனை நாள் இருப்பான்? வார விடுமுறையும் அப்படித்தான். 'கூட்டம் இல்லாத நாளில் எடுத்துக்கொள்' என்பது விடுமுறை ஆகாது; கிழமை சொல்லிக் கொடுப்பதுதான் விடுமுறை.

சம்பளம், அட்வான்ஸ், பிடித்தம்

தேதியை முடிவு செய்து அதிலிருந்து நகராதீர்கள். மாதச் சம்பளமென்றால் 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஹோட்டல் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அரசால் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதில் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ஆம் தேதி மாறும். ஏப்ரலில் அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து உங்கள் சம்பளப் பட்டியலோடு ஒப்பிடுவது மேனேஜர் வேலை. முதலாளி தானாகச் செய்யமாட்டார்.

அட்வான்ஸ் இந்தத் தொழிலின் நோய். ஆள் ஓடிவிடாமல் இருக்க முதலாளி கொடுக்கிறார். வாங்கியவர் அடைக்க முடியாமல் ஒருநாள் இரவோடு இரவாகப் போய்விடுகிறார். யாரைக் கட்டிப்போட அந்தப் பணம் கொடுக்கப்பட்டதோ அவரையே அது துரத்திவிடுகிறது. நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் இல்லை; மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதைக் கொடுக்கும்போதே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அவர் கையிலும் ஒரு நகல். மருத்துவச் செலவு, சாவு இரண்டுக்கும் மட்டும் விலக்கு. பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஒருவரை வெளியே போகவிடாமல் வைத்தால் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உங்கள் வாசலுக்கு வரும். ஆதார் அட்டையின் அசலை வாங்கி மேசை டிராயரில் பூட்டி வைக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள்.

வாடிக்கையாளர் பில் கட்டாமல் நழுவினால் சப்ளையர் சம்பளத்தில் பிடிப்பது, டம்ளர் உடைந்தால் கிளீனர் சம்பளத்தில் பிடிப்பது இவையெல்லாம் அடியோடு வேண்டாம். விளக்கம் கேட்காமல் பிடிக்கச் சட்டத்திலும் இடமில்லை. நூற்று இருபது ரூபாய் பில்லுக்காக நல்ல சப்ளையரை இழந்த கடையை எனக்குத் தெரியும். கல்லாவைத் தாண்டித்தான் ஒருவர் வெளியே போக முடியும் என்கிறபோது, பில்லுக்குப் பொறுப்பு யார்?

இஎஸ்ஐ பற்றித் தொழிலாளர்களுக்கே சந்தேகம் உண்டு. 'கையில் வருவது குறையும் அக்கா, வேண்டாம்' என்பார்கள். கணக்கைக் காட்டுங்கள். 18,000 ரூபாய் சம்பளத்தில் அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். கடை கட்டுவது 3.25 சதவீதம், 585 ரூபாய். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர் இதில் வருவார். வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்க நேர்ந்தால் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும், சாதாரண நோயென்றால் 70 சதவீதம். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து முழங்கை வரை வெந்த ஒரு வடை மாஸ்டருக்கு இந்த அட்டை இருந்தது. அவர் படுத்திருந்த காலத்தில் வீட்டு வாடகை தடைபடவில்லை. அதை நேரில் பார்த்த மற்றவர்கள் அதற்குப் பிறகு 135 ரூபாயைப் பற்றிப் பேசவில்லை.

பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

கடையில் மிகக் குறைந்த சம்பளம் இங்கேதான். ஆனால் இங்கே ஒருவர் வராவிட்டால் 9 மணிக்குத் தட்டு தீரும், 9:15-க்குக் கடை நிற்கும். எனவே காலை கூட்டத்தின்போது மேனேஜர் போய் அங்கே நிற்க வேண்டும். ஆய்வு செய்யப் போவதுபோல் போகாதீர்கள். ஓரமாக நின்று பாருங்கள்.

பொங்கல் ஒட்டிய குண்டாவும் சாம்பார் வாளியும் ஒருபக்கம். சட்டினிக் கிண்ணங்கள் மலைபோல் ஒருபக்கம். தண்ணீர் எப்போதும் கணுக்கால் வரை தெறித்துக்கொண்டே இருக்கும். தேய்க்கும் அம்மாவின் கால்களைப் பாருங்கள். தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும், விரலிடுக்கில் வெடித்திருக்கும். சேற்றுப்புண். புளித்த சாம்பார்த் தண்ணீர் படும்போது சுரீரென்று எரியும். இரவில் மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு காலையில் மறுபடி அதே தண்ணீரில் நிற்பார்கள். புதிதாக வந்தவர் பத்தாம் நாள் சொல்லாமல் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லை. தரை வாட்டம் சாக்கடைத் துளையை நோக்கி இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தேங்கினால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், ஒருநாள் வேலை. நிற்கும் இடத்தில் நீர் வடியும் பிளாஸ்டிக் தட்டி போடுங்கள். ரப்பர் பூட்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி. ஒன்று காயும்போது மற்றொன்று. ஒரே ஜோடியை ஈரத்தோடு தினமும் போடுவது வெறுங்காலைவிட மோசம். அளவு கேட்டு வாங்குங்கள். ஆண்கள் அளவில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெண்கள் போட மறுக்கிறார்கள் என்று குறை சொல்வதில் பொருளில்லை. தொட்டியின் விளிம்பு இடுப்பளவுக்கு இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தண்ணீரில் விடாதீர்கள். பிறகு பார்சலுக்கு இலை நறுக்குவது, காய் நறுக்குவது என்று காய்ந்த வேலைக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, பாத்திரத்தின் எண்ணிக்கையையே குறைப்பது. ஒரு கடையில் தோசைக்கு நான்கு கிண்ணங்களில் சட்டினி வைத்தார்கள். கிண்ணத்தை எடுத்துவிட்டு, பழையபடி வாளியில் கொண்டுபோய்த் தட்டிலேயே பரிமாறச் சொன்னேன். 'கிண்ணத்தில் வைத்தால்தான் பார்க்க அழகு' என்றார் முதலாளியின் மகன். தேய்ப்பவரின் பார்வையில் அது அழகில்லை என்றேன். அந்தச் சண்டையில் நான் பாதிதான் வென்றேன்: தேங்காய்ச் சட்டினியும் சாம்பாரும் வாளிக்கு மாறின, மற்ற இரண்டும் கிண்ணத்திலேயே நின்றன.

கிரைண்டரும் தீயும்

ஓடும் கிரைண்டருக்குள் கையை விட்டு மாவைத் தள்ளுவது, தேங்காய்த் துருவியின் அருகே முந்தானையைச் செருகாமல் நிற்பது இந்த இரண்டுக்கும் மட்டும் நான் கோபப்படுவேன். சுவிட்சை அணைத்த பிறகே கை. மரக்கரண்டியைக் கிரைண்டரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தேட வேண்டியிருந்தால் கைதான் உள்ளே போகும். தீக்காயத்துக்குப் பற்பசையும் இட்லி மாவும் அப்பும் பழக்கம் எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதலுதவிப் பெட்டி கல்லா மேசையில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை.

அறை

'ரூம், சாப்பாடு உண்டு' என்று விளம்பரத்தில் போடுகிறோம். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, இரண்டு மின்விசிறி, மூட்டைப்பூச்சி. இதை நீங்கள் ஒருநாள் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான் முதலில் எண்ணுவது செல்பேசிக்கு மின்னேற்றும் சாக்கெட்டுகளை. ஊரிலிருக்கும் குழந்தையிடம் இரவில் பேசுவதற்குத்தான் பாதிப் பேர் உயிரை வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரு சாக்கெட் என்றால் தினமும் சண்டை. அடுத்து, காலை ஷிஃப்ட்காரர்களையும் இரவு ஷிஃப்ட்காரர்களையும் ஒரே அறையில் போடாதீர்கள். 11 மணிக்கு வருபவர் விளக்கைப் போடுவார், 4:45-க்கு எழுபவர் அலாரம் வைப்பார். இருவருக்கும் தூக்கம் போகும். ஆளுக்கு ஒரு பூட்டுள்ள பெட்டி கொடுத்தால் திருட்டுப் புகார்கள் பாதியாகக் குறையும்.

தூரத்திலிருந்து வருபவர்கள்

கோவை ஹோட்டல்களில் இன்று அசாம், ஒடிசா, மேற்கு வங்கத்துப் பிள்ளைகள் இல்லாமல் காரியம் நடக்காது. அவர்களுக்கு ஊருக்குப் போகப் பத்து நாள் விடுப்புக் கொடுத்துவிட்டுப் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைக்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து கோவை வழியாகத் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஏறினால் இங்கிருந்து மூன்று நாளை நெருங்கும் பயணம். போக வரவே ஆறு நாள் கழிந்தால் வீட்டில் இருப்பது நான்கு நாள். அவன் சொன்ன தேதியில் திரும்பமாட்டான் என்பது விடுப்புக் கொடுக்கும்போதே தெரிந்த விஷயம். இருபது இருபத்தைந்து நாளாகக் கொடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே பேசி. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்து, டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து. ஒரே ஊரைச் சேர்ந்த ஆறு பேரை ஒரே வேலையில் போடாதீர்கள். ஊரில் ஒரு கல்யாணமென்றால் உங்கள் கிளீனிங் முழுவதும் ரயிலேறிவிடும்.

2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது பல கடைகளில் ஆட்கள் மூட்டை கட்டினார்கள். பயந்தது அவர்களைவிட ஊரிலிருந்த பெற்றோர்கள். காணொளி அழைப்பில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கடையையும் அறையையும் காட்டிப் பேசிய மேனேஜர்களிடம் பெரும்பாலானோர் தங்கினார்கள். வீட்டாரின் எண் ஒவ்வொருவருக்கும் உங்களிடம் இருக்க வேண்டும்.

வயதையும் பாருங்கள். அண்ணனுடைய ஆதாரைக் கொண்டுவரும் சிறுவர்கள் உண்டு. ஹோட்டல்களில் சிறுவர்களை வைக்க 2006 அக்டோபர் 10 முதலே தடை. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவர் எந்த வேலையிலும் கூடாது. சந்தேகமிருந்தால் சேர்க்காதீர்கள். யாருமின்றி வந்து நிற்கும் பிள்ளையென்றால் 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

திட்டு

முதலாளி மேனேஜரை, மேனேஜர் மாஸ்டரை, மாஸ்டர் கிளீனரை. மாலை 8 மணிக்கு ஆன்லைன் ஆர்டர் வரும் டேப்லெட் விடாமல் ஒலிக்கும்போது இந்த வரிசை வேகமெடுக்கும். 7 முதல் 10 வரை பார்சலுக்குத் தனி ஆள் வையுங்கள். கல் தாங்காதபோது ஆன்லைன் ஆர்டரை இருபது நிமிடம் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அவரிடமே கொடுங்கள். முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தால் அதற்குள் யாராவது கரண்டியை வீசியிருப்பார்கள். வாடிக்கையாளர் முன்னிலையில் சப்ளையரைத் திட்டுவதில்லை என்பதை முதலாளிக்கும் சேர்த்தே விதியாக்குங்கள். அதைச் சொல்லும் தைரியம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் இருக்கும். அப்போதே சொல்லிவிடுங்கள்.

போகிறேன் என்பவரிடம்

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். தங்கை கல்யாணம், சொந்த டீக்கடை, கூட நூறு ரூபாய். 'மாற்று ஆள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ' என்று சொல்லிச் சம்பளத்தைப் பிடித்து வைக்காதீர்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அட்வான்ஸ் கணக்கை அவர் முன்னாலேயே கூட்டிக் கழித்து, மீதியை வங்கிக் கணக்கில் போட்டு, ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். பிஎஃப் இருந்தால் அவர் விலகிய தேதியை அதன் இணையதளத்தில் தாமதிக்காமல் பதிவிடுங்கள். அது விடுபட்டால், பணத்தை எடுப்பதும் அடுத்த கடைக்கு மாற்றுவதும் தடைபட்டு அவர் உங்களுக்கே போன் செய்துகொண்டிருப்பார்.